இந்தச் சொல் எதைக் கொண்டு முடிகிறது? சார்பு இலக்கணத்துக்கு ஓர் எளிய அறிமுகம்

‘நேற்று வந்த மாமா கொடுத்த புத்தகத்தைப் படித்தேன்.’

ஆறு சொற்கள், கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் நேற்று நடந்தது என்ன என்று கேட்டால் மூன்று விடைகள் வரும். மாமா வந்தது நேற்றாக இருக்கலாம். அவர் போன வாரமே வந்துவிட்டார், புத்தகத்தைக் கொடுத்ததுதான் நேற்று என்றும் கொள்ளலாம். வந்ததும் கொடுத்ததும் எப்போதோ முடிந்த கதை, நான் உட்கார்ந்து படித்ததே நேற்று என்பது மூன்றாவது. மூன்று பொருளுக்கும் சொற்கள் அவையே, வரிசையும் அதுவே. ‘நேற்று’ என்ற சொல் ‘வந்த’ என்பதோடு சேர்கிறதா, ‘கொடுத்த’ என்பதோடு சேர்கிறதா, ‘படித்தேன்’ என்பதோடு சேர்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் எதனோடு சேர்கிறது என்று கண்டறிவதுதான் வாக்கியப் பகுப்பாய்வு. இயற்கை மொழிகளைக் கணினிக்குப் பழக்கும் துறையில் இந்த வேலையைச் செய்யும் நிரலுக்குப் பார்சர் என்று பெயர். அந்தச் சேர்க்கையைச் சொல்லுக்குச் சொல் நேராகக் கோடு போட்டுக் காட்டும் முறையே சார்பு இலக்கணம்.

பெயர் புதிதாகத் தோன்றலாம். கேள்வி தமிழ் மாணவருக்குப் பழையது. ‘ஓடிய’ என்று நிறுத்தினால் வாக்கியம் நிற்காது. ஓடிய குதிரையா, ஓடிய பையனா என்று ஒரு பெயரை அது எதிர்பார்க்கிறது. அதனால் அது பெயரெச்சம். ‘ஓடி’ என்பது ஒரு வினையை எதிர்பார்க்கிறது, அது வினையெச்சம். பழைய உரைகளைப் புரட்டினால், இன்ன எச்சம் இன்ன சொல்லைக் கொண்டு முடிந்தது என்று உரையாசிரியர்கள் சொல்லிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். பாட்டில் சொற்கள் இடம் மாறிக் கிடந்தால் அவற்றைச் சேர்த்துப் பொருள் காணும் வழிகளுக்குப் பொருள்கோள் என்று பெயர். தொல்காப்பியம் அதில் நான்கு வகை சொல்கிறது, நன்னூல் எட்டாக விரிக்கிறது. இதை வைத்துக்கொண்டு கணினி மொழியியலே நம்மிடம் அன்றே இருந்தது என்று மார்தட்டத் தேவையில்லை. எந்தச் சொல்லுக்கும் பொதுவாகப் பொருந்தும் கணக்கு முறை அங்கே இல்லை, அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. ஆனால் ‘இந்தச் சொல் எதைக் கொண்டு முடிகிறது?’ என்று கேட்கத் தெரிந்தவருக்குச் சார்பு இலக்கணத்தில் பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதி, அந்தக் கேள்வியை எச்சங்களோடு நிறுத்தாமல் வாக்கியத்தின் எல்லாச் சொற்களிடமும் கேட்பது.

கேட்டுப் பார்ப்போம். ‘வந்த’ எதைச் சார்ந்திருக்கிறது? ‘மாமா’வை. ‘மாமா’? கொடுத்தவர் அவர், ஆகவே ‘கொடுத்த’ என்பதை. ‘கொடுத்த’? ‘புத்தகத்தை’. ‘புத்தகத்தை’? ‘படித்தேன்’. ‘படித்தேன்’ எதையும் சாரவில்லை. வாக்கியம் அதில் முடிகிறது. சார்ந்திருக்கும் சொல்லைச் சார்புச்சொல் என்றும் அது சாரும் சொல்லைத் தலைச்சொல் என்றும் அழைப்போம். ஒரே சொல் ஒன்றுக்குத் தலையாகவும் இன்னொன்றுக்குச் சார்பாகவும் இருக்கலாம். ‘மாமா’ அப்படித்தான் இருக்கிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் எண் கொடுத்து, அதன் தலைச்சொல்லின் எண்ணை எதிரே எழுதினால் வாக்கியம் இப்படி ஆகிறது:

1 – நேற்று – 2
2 – வந்த – 3
3 – மாமா – 4
4 – கொடுத்த – 5
5 – புத்தகத்தை – 6
6 – படித்தேன் – 0

சுழியம் என்றால் தலைச்சொல் இல்லை, இதுவே வேர் என்று பொருள். முதல் வரியின் கடைசியில் இருக்கும் 2 என்ற எண்ணை 4 என்று மாற்றினால் இரண்டாவது பொருள், 6 என்று மாற்றினால் மூன்றாவது பொருள். மற்ற ஐந்து வரிகளும் அப்படியே இருக்கும். பார்சர் வெளியிடும் கோப்பும் அடிப்படையில் இதுதான். இன்று எல்லோரும் பயன்படுத்தும் வடிவத்தில் சொல்லின் வகை, அகராதி வடிவம், வேற்றுமை, காலம் போன்றவற்றையும் சேர்த்து வரிக்குப் பத்துப் பத்திகள் இருக்கும். ஆனால் மரம் என்பது அந்தத் தலையெண் பத்தியில்தான் ஒளிந்திருக்கிறது.

மரம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே ஒரு தலைச்சொல்தான் இருக்க வேண்டும். ஒரே ஒரு சொல் மட்டும் வேராக நிற்க வேண்டும். அ-வுக்கு ஆ தலை, ஆ-வுக்கு அ தலை என்று கோடுகள் சுற்றி வளைத்துக்கொள்ளக் கூடாது. இந்த மூன்று கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டால், எந்தச் சொல்லில் தொடங்கித் தலையைத் தேடி ஏறினாலும் வேரில் போய்த்தான் நிற்போம்.

இந்த முறையை இன்றைய வடிவில் எழுதி வைத்தவர் லூசியன் தெனியேர் என்ற பிரெஞ்சு மொழியியலாளர். 1893-இல் பிறந்தவர், ஸ்ட்ராஸ்பூர்க், மோன்பெலியே பல்கலைக்கழகங்களில் கற்பித்தவர். 1954-இல் அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1959-இல்தான் அவருடைய பெருநூல் அச்சில் வந்தது. ‘ஆல்ஃபிரெட் பேசுகிறான்’ என்ற வாக்கியத்தில் இருப்பவை இரண்டு கூறுகள் அல்ல, மூன்று என்பது அவருடைய தொடக்கப் பாடம். ஆல்ஃபிரெட் ஒன்று, பேசுகிறான் ஒன்று, இரண்டையும் இணைக்கும் கண்ணுக்குத் தெரியாத தொடர்பு ஒன்று. அந்தத் தொடர்பு இல்லாவிட்டால் அது வாக்கியமே இல்லை, பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு சொற்கள்தான்.

வாக்கியத்தை அவர் ஒரு சிறு நாடகமாகப் பார்த்தார். வினைச்சொல் அதில் நடக்கும் நிகழ்ச்சி, பெயர்ச்சொற்கள் பாத்திரங்கள், காலமும் இடமும் காட்சியின் சூழல். ஒவ்வொரு வினைக்கும் இத்தனை பாத்திரங்கள் வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. ‘தூங்கு’ என்ற வினைக்கு ஒருவர் போதும். ‘வெட்டு’ என்பதற்கு வெட்டுபவரும் வெட்டப்படுவதும் வேண்டும். ‘கொடு’ என்றால் கொடுப்பவர், கொடுக்கும் பொருள், பெறுபவர் என்று மூன்று. வேதியியலில் அணுக்களின் இணைதிறனைக் குறிக்கும் சொல்லையே இதற்கும் எடுத்து வைத்துக்கொண்டார். ‘கொடுத்தான்’ என்று மட்டும் ஒருவர் சொன்னால் ‘என்னத்தை? யாருக்கு?’ என்று நாம் உடனே கேட்கிறோம்; ‘தூங்கினான்’ என்றால் அப்படிக் கேட்பதில்லை. இணைதிறன் என்பது அவ்வளவுதான்.

அதே காலத்தில் இன்னொரு முறையும் எழுந்தது. நெடுநாள் அதுவே கோலோச்சியது. 1957-இல் அமெரிக்க மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி வெளியிட்ட சிறு நூலோடு புகழ்பெற்ற தொடரமைப்பு இலக்கணம் அது. சொற்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துப் பெயர்த்தொடர், வினைத்தொடர் என்று பெயரிட்டு, கட்டுகளைப் பெரிய கட்டுகளுக்குள் போட்டு, கடைசியில் வாக்கியம் என்ற ஒரே கட்டில் முடிக்கும் முறை. ஆங்கிலத்தில் வினையும் செயப்படுபொருளும் பெரும்பாலும் அடுத்தடுத்து நிற்பதால் இது வசதியாக வேலை செய்யும். தமிழில் ‘மாமா நேற்று புத்தகத்தைக் கொடுத்தார்’ எனலாம். ‘புத்தகத்தை நேற்று மாமா கொடுத்தார்’ என்றும் சொல்லலாம். இரண்டாவதில் செயப்படுபொருளுக்கும் வினைக்கும் நடுவே எழுவாய் வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டையும் ஒரே வினைத்தொடருக்குள் கட்ட வேண்டுமானால் அதற்கென்று தனி விதிகள் தேவைப்படும். சார்பு இலக்கணத்துக்கு அந்தக் கவலை இல்லை. சொற்கள் எங்கே நின்றாலும் ‘புத்தகத்தை’ என்பதன் தலை ‘கொடுத்தார்’தான். யார் எதைச் செய்தார் என்பதை இடம் சொல்லாமல் வேற்றுமை உருபு சொல்லும் மொழிகளுக்கு, செக், ரஷ்யன், இந்தி, தமிழ் போன்றவற்றுக்கு, இதுவே இயல்பான ஏற்பாடு என்பது என் எண்ணம். தொடரமைப்பு முறையை நம்புகிறவர்கள் மறுப்பார்கள். மறுக்கட்டும்.

இதுவரை கோடுகளை மட்டும் பார்த்தோம். கோடு மட்டும் போதாது, அதன் மேல் உறவின் பெயரும் வேண்டும். ஏன் என்பதற்குத் தொல்காப்பியத்திலேயே அழகான சான்று இருக்கிறது. தடுமாறு தொழிற்பெயர் என்று ஒன்றை அது குறிப்பிடுகிறது. அதற்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு ‘புலி கொல் யானை’. இன்றைய தமிழில் ‘புலி கொன்ற யானை’ என்று வைத்துக்கொள்வோம். இது எந்த யானை? புலியைக் கொன்ற யானையாகவும் இருக்கலாம், புலியால் கொல்லப்பட்ட யானையாகவும் இருக்கலாம். இதற்கு மரம் வரைந்து பாருங்கள். ‘புலி’யின் தலை ‘கொன்ற’, ‘கொன்ற’ என்பதன் தலை ‘யானை’. எந்தப் பொருளைக் கொண்டாலும் கோடுகள் இவையே. மாறுவது, ‘புலி’க்கும் ‘கொன்ற’ என்பதற்கும் இடையிலான கோட்டின் மேல் எழுவாய் என்று எழுதுகிறோமா, செயப்படுபொருள் என்று எழுதுகிறோமா என்பது மட்டும்தான். ‘நேற்று’ வாக்கியத்தில் கோடே மாறியது. இங்கே கோடு மாறாமல் பெயர் மாறுகிறது. வாக்கியம் ‘யானை ஓடுகிறது’ என்று தொடர்ந்தால் உயிரோடிருப்பது யானை என்று தெரிந்துவிடும். ‘யானையின் தந்தம் கிடைத்தது’ என்று தொடர்ந்தால் மனம் மற்றப் பக்கம் சாயும். அந்தச் சாய்வைக் கணினிக்குக் கற்றுத் தருவது எளிதல்ல.

உறவுகளுக்கு என்னென்ன பெயர் வைப்பது என்பதில் நெடுங்காலம் ஆளுக்கொரு வழக்கம் இருந்தது. ஹைதராபாத் ஐஐஐடி என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் இந்திய மொழிகளுக்கு வேலை செய்தவர்கள், சமஸ்கிருத இலக்கண ஆசிரியர் பாணினி வினைக்கும் பெயருக்கும் இடையே வகுத்த உறவுகளான காரகங்களை எடுத்துக்கொண்டு கர்த்தா, கர்மம் என்ற வழியில் குறித்தார்கள். செக் நாட்டின் பிராகில் வேறு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வேறு. 2014-இல் தொடங்கிய யுனிவர்சல் டிபெண்டன்சீஸ் என்ற கூட்டு முயற்சி எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒரு பட்டியலைத் தந்தது. அதன் இரண்டாம் பதிப்பில் 37 உறவுகளும் 17 சொல்வகைகளும் உள்ளன. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளின் வாக்கியங்கள் அந்த ஒரே முறையில் குறிக்கப்பட்டு, யாரும் இறக்கிக்கொள்ளும்படி கிடைக்கின்றன.

இனி, கணினி இந்த மரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எல்லா மரங்களையும் வரைந்து பார்த்துச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டால் அந்த ஆசை போய்விடும். ‘ந’ சொற்கள் உள்ள வாக்கியத்துக்கு வரையக்கூடிய மரங்களின் எண்ணிக்கை, ‘ந’வை அதைவிட ஒன்று குறைந்த தடவை தன்னோடு பெருக்கினால் வருவது, அதாவது ஆறு சொற்களென்றால் ஐந்து ஆறுகளின் பெருக்கற்பலன். நம் வாக்கியத்துக்கே 7,776 மரங்கள். பத்துச் சொல் வாக்கியத்துக்கு 100 கோடி. செய்தித்தாளில் இருபது சொல் வாக்கியம் சர்வ சாதாரணம். ஆகவே எல்லாவற்றையும் பட்டியலிடாமல் நல்ல மரத்தை அடையும் வழி வேண்டும். இரண்டு வழிகள் நிலைபெற்றன.

முதல் வழி, நாம் படிப்பதைப் போலவே இடமிருந்து வலமாகச் சொல் சொல்லாக எடுத்து, அவ்வப்போது முடிவெடுத்துக்கொண்டே போவது. ஜப்பானில் யமாடாவும் மட்சுமோட்டோவும், ஸ்வீடனில் யோக்கிம் நிவ்ரேயும் 2003-இல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இதில் பல வகைகள் உண்டு. எளியதை எடுத்துக்கொள்வோம். பார்சரிடம் ஓர் அடுக்கு இருக்கிறது. படிக்கப்படாத சொற்கள் வரிசையில் காத்திருக்கின்றன. செய்யக்கூடிய செயல்கள் மூன்றே மூன்று. வரிசையின் முதல் சொல்லை எடுத்து அடுக்கின் மேல் வைப்பது ஒன்று. அடுக்கின் மேலே உள்ள இரண்டு சொற்களில் மேற்சொல்லைத் தலையாகவும் கீழ்ச்சொல்லைச் சார்பாகவும் கொண்டு கோடு போட்டு, கீழ்ச்சொல்லை அகற்றிவிடுவது இன்னொன்று. இதை இடக்கோடு எனலாம். அதையே தலைகீழாகச் செய்து, கீழ்ச்சொல்லைத் தலையாக்கி மேற்சொல்லை அகற்றுவது மூன்றாவது, அது வலக்கோடு. அடுக்கின் அடியில் ‘வேர்’ என்ற ஒரு போலிச் சொல் எப்போதும் இருக்கும்.

நம் வாக்கியத்தை ஓட்டுவோம். ‘நேற்று’ அடுக்கில் ஏறுகிறது. அதன் மேல் ‘வந்த’ ஏறுகிறது. இப்போது பார்சர் ஒரு நாற்சந்தியில் நிற்கிறது. இங்கேயே இடக்கோடு போட்டால் ‘நேற்று’ ‘வந்த’ என்பதன் சார்பாகி அகற்றப்பட்டுவிடும். மாமா வந்தது நேற்று என்று முடிவாகிவிட்டது. அப்புறம் ‘மாமா’ ஏறும், இடக்கோட்டில் ‘வந்த’ போகும். ‘கொடுத்த’ ஏறும், ‘மாமா’ போகும். ‘புத்தகத்தை’ ஏறும், ‘கொடுத்த’ போகும். ‘படித்தேன்’ ஏறும், ‘புத்தகத்தை’ போகும். கடைசியாக ஒரு வலக்கோடு; ‘வேர்’ தலை, ‘படித்தேன்’ சார்பு. ஆறு ஏற்றம், ஐந்து இடக்கோடு, ஒரு வலக்கோடு, ஆகப் பன்னிரண்டு செயல்கள்.

அந்த நாற்சந்தியில் கோடு போடாமல் ‘மாமா’வை ஏற்றியிருந்தால் கதை வேறு. ‘மாமா’ மேலே வந்ததும் ‘வந்த’ அகற்றப்படும். ஆனால் ‘நேற்று’ அடியில் அப்படியே கிடக்கும். ‘கொடுத்த’ ஏறி ‘மாமா’ போன பிறகு ‘நேற்று’வுக்கு இரண்டாவது வாய்ப்பு வருகிறது. அங்கேயும் கோடு போடாமல் விட்டால், ‘புத்தகத்தை’ ஏறி, ‘படித்தேன்’ ஏறி, நடுவில் உள்ளவை எல்லாம் அகன்ற பின், எஞ்சியிருக்கும் ‘நேற்று’ ‘படித்தேன்’ என்பதோடு சேரும். எப்படிப் போனாலும் செயல்கள் பன்னிரண்டுதான். எத்தனை சொற்களோ அதில் இரு மடங்கு. இருபது சொல் வாக்கியத்துக்கு நாற்பது முடிவுகள் எடுத்தால் மரம் தயார். கோடிக்கணக்கான மரங்களுக்குப் பயந்தவர்களுக்கு இந்த வேகம்தான் இம்முறையின் பெரிய கவர்ச்சி. குறையும் அதிலேயே இருக்கிறது. போட்ட கோட்டைத் திரும்ப அழிக்க முடியாது. மூன்றாவது செயலில் தவறினால் பன்னிரண்டாவது செயலில் வருந்திப் பயனில்லை.

தமிழில் எழுதப்பட்ட வாக்கியங்களை இப்படி ஓட்டிப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். ஏறத்தாழ எல்லாமே இடக்கோடுகள். தமிழில் தலைச்சொல் எப்போதும் பின்னால் வருகிறது. அடை முன்னே, பெயர் பின்னே. எச்சம் முன்னே, முடிக்கும் சொல் பின்னே. எல்லாவற்றுக்கும் கடைசியில் வினைமுற்று. நீண்ட வாக்கியத்தில் வினைமுற்று வரும் வரை அடுக்கில் சொற்கள் குவிந்துகொண்டே போகும். நமக்கும் அப்படித்தானே? அரசாணைகளில் வரும் முக்கால் பக்க வாக்கியத்தில் மூச்சுத் திணறுவது, முடிவு தெரியாத சொற்களை மனத்தில் சுமந்துகொண்டே போக வேண்டியிருப்பதால்தான். தலையும் சார்பும் கூடியவரை அருகருகே இருக்கும்படியே மனிதர்கள் வாக்கியம் அமைக்கிறார்கள் என்று, 37 மொழிகளின் மரங்களை அளந்து பார்த்து 2015-இல் ஃபட்ரெல், மஹோவால்ட், கிப்சன் மூவரும் காட்டினார்கள். ‘நேற்று வந்த மாமா’ என்றதும் பெரும்பாலோர் மாமா வந்ததே நேற்று என்று எடுத்துக்கொள்வதற்கும் இந்த அருகாமைதான் காரணம். நாம் வேறு பொருளைச் சொல்ல விரும்பினால் ‘நேற்று’வை நகர்த்தி, ‘வந்த மாமா கொடுத்த புத்தகத்தை நேற்று படித்தேன்’ என்று எழுதிவிடுவோம்.

இரண்டாவது வழி வாக்கியம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்ப்பது. ஒவ்வொரு சொல்லுக்கும் மற்ற ஒவ்வொரு சொல்லும் தலையாக இருக்க எவ்வளவு தகுதி என்று மதிப்பெண் போட வேண்டும். ஆறு சொற்களுக்கு, வேரையும் சேர்த்து, 36 மதிப்பெண்கள். பிறகு, மரத்துக்கான கட்டுப்பாடுகளை மீறாமல், கூட்டுத்தொகை மிக அதிகமாக வரும்படி கோடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கான கணக்கு மொழியியலில் பிறந்ததல்ல. 1965-இல் சூ, லியூ இருவரும், 1967-இல் எட்மண்ட்ஸும், புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதப் பிரிவான கோட்டுருவியலில் தனித்தனியே கண்டுபிடித்தது. 2005-இல் ரயன் மெக்டொனால்டும் உடன் உழைத்தவர்களும் அதை எடுத்து வாக்கியங்களில் பொருத்தினார்கள்.

அவர்களுக்கு அது தேவைப்பட்டதற்குக் காரணம் செக் மொழி. மேலே சொன்ன அடுக்கு முறையால் செய்ய முடியாத ஒன்று உண்டு: ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் கோடுகள். தமிழிலேயே பார்க்கலாம். ‘அந்தப் புத்தகத்தை அப்பா என்னைப் படிக்கச் சொன்னார்.’ இயல்பான வாக்கியம். வீட்டில் தினமும் புழங்குகிற அமைப்பு. ‘புத்தகத்தை’ யாருடைய சார்பு? படிக்கப்படுவது அது, ஆகவே ‘படிக்க’ என்பதன் சார்பு. ‘அப்பா’? சொன்னவர் அவர், ஆகவே ‘சொன்னார்’ என்பதன் சார்பு. காகிதத்தில் வாக்கியத்தை எழுதிச் சொற்களுக்கு மேலே வில் போல வளைத்து இந்த இரண்டு கோடுகளையும் போட்டுப் பாருங்கள், ஒன்றையொன்று வெட்டும். அடுக்கில் ‘படிக்க’ ஏறும்போது ‘புத்தகத்தை’ அதற்கு நேர்கீழே இல்லை; நடுவே ‘அப்பா’வும் ‘என்னை’யும் இருக்கின்றன. அவற்றின் தலை இன்னும் வரவே இல்லை, ஆகவே அகற்றவும் முடியாது. எளிய அடுக்கு பார்சர் இங்கே தோற்றுவிடும். பிராகில் தொகுத்து வைத்த செக் மரங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு வாக்கியத்தில் இப்படி வெட்டும் கோடு ஒன்றாவது இருக்கிறது. இரண்டாவது வழிக்குக் கோடு வெட்டினாலும் கவலையில்லை. அது மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறது. அடுக்கு முறைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அடுக்கில் இரண்டு சொற்களை இடம் மாற்றும் நான்காவது செயலைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள்.

‘இங்கே கோடு போடு’ என்றோ ‘இதற்கு இத்தனை மதிப்பெண்’ என்றோ பார்சருக்கு யார் சொல்வது? முன்பு மொழியியலாளர்கள் விதிகளாக எழுதினார்கள். இப்போது, மனிதர்கள் கையால் மரம் வரைந்து வைத்த ஆயிரக்கணக்கான வாக்கியங்களைப் பார்த்துக் கணினியே கற்றுக்கொள்கிறது. அந்தத் தொகுப்புக்கு மரவங்கி என்று பெயர். ஆங்கிலத்துக்கு 1990-களில் பென்சில்வேனியாவில் உருவானது மிகப் புகழ்பெற்றது. அதில் இருப்பவை தொடரமைப்பு மரங்கள். பிறகு சார்பு மரங்களாக மாற்றிக்கொண்டார்கள். செக் மொழிக்கான பிராக் மரவங்கியின் முதல் பதிப்பு 2001-இல் வந்தது.

தமிழின் முதல் சார்பு மரவங்கிகளுள் ஒன்று உருவானதும் அதே பிராகில், சார்லஸ் பல்கலைக்கழகத்தில்தான். லோகநாதன் ராமசாமியும் ஸ்டெனெக் ஜபோக்ர்ட்ஸ்கியும் செய்தி வாக்கியங்களை எடுத்து உருவாக்கினார்கள், 600 வாக்கியங்கள். தாமஸ் லேமனின் தற்காலத் தமிழ் இலக்கண நூலில் உள்ள எடுத்துக்காட்டுகளைக் கொண்டு பரமேஸ்வரி கிருஷ்ணமூர்த்தியும் சர்வேஸ்வரனும் இன்னொன்றை உருவாக்கியிருக்கிறார்கள். அதில் ஐந்நூற்றுச் சொச்சம் வாக்கியங்கள். இரண்டையும் கூட்டினாலும் சில ஆயிரங்களைத் தொடாது. கோடிக்கணக்கானவர்கள் பேசும் மொழிக்கு இது போதாது என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் மரவங்கிக்கு ஆள்பலத்தைவிட, இலக்கணம் அறிந்தவர்கள் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் தலையெண் எழுதுவதே தேவை. தமிழாசிரியர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பதுதான் எனக்கு வியப்பு.

அவர்கள் வந்தால் விவாதிக்க நிறையவே இருக்கிறது. முதலில், சொல் என்பது எது? ‘வரவில்லையாம்’ என்பது ஒரு சொல்லா, ‘வர’, ‘இல்லை’, ‘ஆம்’ என்று மூன்றா? ‘ராமனும் சீதையும்’ என்பதில் உம்மை தனியாக ஒரு வரி பெற வேண்டுமா? எண் கொடுப்பதற்கு முன்பே இதை முடிவு செய்தாக வேண்டும். அடுத்து, ‘அவர் ஆசிரியர்’ என்ற வாக்கியத்தில் வினையே கிடையாது. நிகழ்ச்சி இல்லாத நாடகம். பெயர்ப் பயனிலையான ‘ஆசிரியர்’ என்பதையே வேராக்கி விடுவது இன்றைய வழக்கம். நம் இலக்கணத்துக்கும் அது ஒத்துப்போகிறது. ‘வந்தேன்’ என்று ஒரே சொல்லில் வாக்கியம் முடிந்தால் எழுவாய்க்கு வரி எங்கே? தோன்றா எழுவாய்க்கு இந்த முறையில் இடம் இல்லை. வினையின் விகுதியில் தன்மை, ஒருமை என்று குறித்துவைப்பதோடு சரி. எல்லாவற்றிலும் பெரிய தலைவலி ‘எனக்கு அவரைத் தெரியும்’ போன்ற வாக்கியங்கள். தெரிந்திருப்பவன் நான், ஆனால் எழுவாய்க்குரிய வடிவில் நான் இல்லை, நான்காம் வேற்றுமையில் நிற்கிறேன். உருபைப் பார்த்துப் பெயரிட்டால் ஒரு உறவு வரும், பொருளைப் பார்த்துப் பெயரிட்டால் இன்னொரு உறவு வரும். பசி, வலி, பிடித்தம், தெரிதல் எல்லாமே தமிழில் இந்த அச்சில்தான் வருகின்றன என்பதால் ஒதுக்கிவிடவும் முடியாது.

பார்சர் எவ்வளவு சரி என்று எப்படி அளப்பது? மரவங்கியில் ஒரு பகுதியை அதற்குக் காட்டாமல் மறைத்து வைத்து, பின்னர் அதைக் கொடுத்துச் சோதிப்பார்கள். எத்தனை சொற்களுக்குத் தலையைச் சரியாகச் சொன்னது என்பது ஓர் அளவு; தலையோடு உறவின் பெயரையும் சரியாகச் சொன்னது எத்தனைக்கு என்பது கடுமையான அளவு. ‘புலி கொன்ற யானை’யில் புலியின் உறவைப் பிழையாகச் சொன்ன பார்சர் முதல் அளவில் முழு மதிப்பெண் வாங்கிவிடும், இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும். ஆங்கிலச் செய்தி வாக்கியங்களில் டோசாட், மேனிங் இருவரின் 2017 பார்சர் தலைகளை 95.7 சதவீதம் சரியாகச் சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 25 சொல் வாக்கியத்தில் சராசரியாக ஒரு சொல் தவறான தலையில் போய் ஒட்டியிருக்கிறது என்றும் அதைப் படிக்கலாம்.

சாட்ஜிபிடி போன்றவை வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அந்தப் பெரிய மொழி மாதிரிகள் பதில் எழுதுமுன் மரம் வரைந்து பார்ப்பதில்லை. அவற்றுக்கு யாரும் எழுவாய், பயனிலை சொல்லித் தரவும் இல்லை. ஆனாலும் 2019-இல் ஹியூவிட்டும் மேனிங்கும் பெர்ட் என்ற மாதிரியின் உள்ளே சொற்களைக் குறிக்கும் எண்களை ஆராய்ந்தபோது, மரத்தில் இரண்டு சொற்கள் எவ்வளவு தொலைவில் இருக்கின்றனவோ அந்தத் தொலைவை அவற்றிலிருந்து பெருமளவு மீட்டெடுக்க முடிந்தது. வெறும் வாக்கியங்களைப் படித்தே சார்பு மரத்தை ஒத்த ஒன்றை அது உள்ளே வளர்த்துக்கொண்டிருக்கிறது. அப்படி வளர்ந்திருக்கிறது என்று சொல்வதற்கே ஒப்பிட்டுப் பார்க்க மனிதர் வரைந்த மரங்கள் வேண்டியிருந்தன.

வெளிப்படையான மரம் நேரடியாகத் தேவைப்படும் வேலைகளும் இருக்கின்றன. ‘அந்தப் பள்ளியில் படித்த மாணவர்கள் இன்று நகரத்தில் வேலை செய்கிறது’ என்ற பிழையை ஒரு திருத்தி பிடிக்க வேண்டுமானால், ‘செய்கிறது’ என்பதன் எழுவாய் பக்கத்தில் உள்ள ‘வேலை’ இல்லை, தள்ளி நிற்கும் ‘மாணவர்கள்’ என்று அதற்குத் தெரிய வேண்டும். யார் யாரை நியமித்தார், எந்த நிறுவனம் எதை வாங்கியது என்று பல ஆயிரம் செய்திகளிலிருந்து அட்டவணை தயாரிப்பவர்களுக்கும், மொழிகளை ஒப்பிட்டு ஆராய்பவர்களுக்கும் அப்படியே.

சோதித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஸ்டான்சா, யூடிபைப் ஆகிய இரண்டு இலவசக் கருவிகளிலும் தமிழுக்கான மாதிரி இருக்கிறது. பைதான் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தால் ஸ்டான்சாவை ஓட்டச் சில வரிகள் போதும். யூடிபைப்பை இணைய உலாவியிலேயே பயன்படுத்தலாம். முதலில் செய்தித்தாள் வாக்கியம் ஒன்றைக் கொடுங்கள். அவை படித்து வளர்ந்தது செய்தி நடையில்தான். பேச்சுத்தமிழ் வசனத்தைக் கொடுத்தால் சொல்லைப் பிரிப்பதிலேயே தடுமாறும். விடை வந்ததும் சுழியம் எந்தச் சொல்லுக்கு எதிரே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அது வினைமுற்றாகவோ பெயர்ப் பயனிலையாகவோ இல்லாவிட்டால் மற்ற எண்களை நம்ப வேண்டாம். அது சரியென்றால் பெயரெச்சங்களுக்குப் போங்கள், அப்புறம் காலம் காட்டும் சொற்களுக்கு. பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.